காற்றைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தேன். கார் இடிக்கவில்லை, நாய் துரத்தவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் என்னைத் தவிர அந்தப் பாதையில் இருந்தது ஒரே ஒரு பெண்மணி. எதிரே அவரும் சைக்கிளில்தான் வந்துகொண்டிருந்தார். பாதை ஒடுக்கம். அவருக்கு வழிவிடலாம் என்று ஓரத்துப் புல்லில் ஒரு முழம் ஒதுங்கினேன். நான் புல் என்று நினைத்தது பாசி.

அந்த வாய்க்காலுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் பாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது: "நெதர்லாந்தில் மலையும் இல்லை, மேடும் இல்லை. பாய் விரித்த மாதிரி தரை. அதில் வாராவாரம் சைக்கிள் ஓட்ட அப்படி என்ன இருக்கிறது?"

நான் இருப்பது கௌடாவில். சீஸுக்குப் பேர்போன ஊர்தான். ஊர்க்காரர்கள் தொண்டையைச் செருமுவதுபோல 'ஹவ்தா' என்பார்கள். ஆறு வருடமாக முயன்றும் எனக்கு அது சரியாக வரவில்லை. இங்கிருந்து தென்கிழக்கே கிளம்பி ஹாஸ்ட்ரெக்ட், ஃப்ளிஸ்ட், ஸ்கோன்ஹோஃபன். அங்கே படகில் லெக் ஆற்றைக் கடந்து, தென்கரையோடு மேற்கே கிண்டர்டைக். மறுபடி ஒரு படகு, கிரிம்பன் வழியாக ஐசல் ஆற்றங்கரையைப் பிடித்துத் திரும்ப வீடு. ஏறக்குறைய 65 கிலோமீட்டர் வரும் ஒரு வட்டம். இதில் பெரும்பகுதியில் கார் நடமாட்டம் குறைவு.

ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், ஹேக், உத்ரெக்ட் ஆகிய நான்கு பெரிய நகரங்களும் ஒரு வளையமாக நிற்க, நடுவே இந்தப் பசுமை வெளி. ஐரோப்பாவிலேயே நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்றின் நடுவில் இவ்வளவு காலியிடம் எப்படி மிஞ்சியது என்று வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. பசுமையைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசு போட்ட திட்டம் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பழைய காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. இது முழுக்கக் கரிப்புல்மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் மக்காமல் தங்கிய செடிகொடிகளின் அடுக்கு. நனைந்த பஞ்சு மாதிரி. அதன்மேல் எதைக் கட்டினாலும் அமிழும்.

பதினோராம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் இந்தச் சதுப்பை அளந்து, கீற்றுக் கீற்றாகக் குடியானவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கீற்று ஏறக்குறைய 1,250 மீட்டர் நீளம், 110 மீட்டர் அகலம். இரண்டு கீற்றுக்கு நடுவே ஒரு வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினார்கள். தண்ணீர் இறங்கியதும் கரிப்புல்மண்ணில் காற்றுப்பட்டது. காற்றுப்பட்டால் அது மக்கும். மக்கினால் தரை தாழும். தாழ்ந்த தரையில் மறுபடி தண்ணீர் நிற்கும். அதை இறைக்க வேண்டும், இறைத்தால் இன்னும் தாழும். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடமாக இந்தக் கணக்கு தீரவில்லை. இன்றைக்கும் சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் நிலம் இறங்குகிறது. புதிதாகத் தார் போட்ட பாதைகூடச் சில வருடத்தில் அலை அலையாக நெளிந்துவிடும். மெல்லிய டயரில் போகிறவன் உடம்புக்கு அது நன்றாகத் தெரியும்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். பாமணியாற்றங்கரையில் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியவன். சமதரை, வாய்க்கால், மதகு, கரைமேல் சாலை எல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அதனால் இங்கே முதல்நாள் சைக்கிளை எடுத்தபோது ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஏதோ ஒன்று தலைகீழாக இருக்கிறது என்பது மெல்லத்தான் உறைத்தது. எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே எப்படியாவது அதை வெளியே தள்ள வேண்டும் என்பதுதான் பாடு. பாசன வாய்க்கால் என்றே ஒன்று கண்ணில் படவில்லை. எல்லாம் வடிகால். இன்னொன்று: ஊரில் ஆறு நம் கண்மட்டத்துக்குக் கீழே ஓடும். இங்கே கரைக்கு உள்பக்கம் சைக்கிளில் போகும்போது, தலைக்கு மேலே கப்பல் போகும்.

ஹாஸ்ட்ரெக்டிலிருந்து ஸ்கோன்ஹோஃபன் வரைக்கும் கூடவே வரும் ஃப்ளிஸ்ட் ஆறு, ஆறு என்று சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. நம் ஊரில் வாய்க்கால் என்றுதான் சொல்வோம். கரையெல்லாம் மொட்டை வெட்டிய வில்லோ மரங்கள், கூரை வேய்ந்த பண்ணை வீடுகள். இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நான் எப்போதும் மெதுவாகத்தான் போவேன். ஏப்ரல், மே என்றால் அதற்குக் காரணம் பறவைகள்.

கருவால் மூக்கனை நம் ஊர்ச் சதுப்பு நிலங்களிலும் குளிர்காலத்தில் பார்க்கலாம். நீண்ட மூக்கு, நீண்ட கால். இங்கே அதன் பெயர் ஹ்ரூட்டோ. 2015-ல் வாக்கெடுப்பு நடத்தி இதைத்தான் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே முட்டையிடும் கூட்டம் குளிர்காலத்தில் போவது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, அங்குள்ள நெல்வயல்களுக்கு. மாட்டுக்குப் புல் அறுக்கும் எந்திரம் சீக்கிரம் இறங்கினால் குஞ்சுகள் போச்சு. ஆகவே ஜூன் 15 வரைக்கும் புல்லைத் தொடாத விவசாயிக்கு உதவித்தொகை தருகிறார்கள். அப்படியும் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் போகிறது. ஒரு வயல் பூவும் களையுமாகப் பரட்டைத் தலையோடு நிற்கும். அடுத்த வயல் நாவிதரிடம் போய்வந்த மாதிரி ஒரே பச்சை. எதில் பறவைச் சத்தம் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்காட்டிக் குருவியும் இங்கே உண்டு, தலையில் கொண்டையோடு. நம் ஊர் ஆட்காட்டி மாதிரியே ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குச் சட்டென்று சின்ன வயதுக் கருக்கல் நேரங்கள் நினைவுக்கு வரும்.

ஸ்கோன்ஹோஃபன் வெள்ளி வேலைக்குப் பேர்போன ஊர். நான் அங்கே வெள்ளி வாங்கியதில்லை. படகுத்துறைக்குப் போகும் வழியில் காபி, அவ்வளவுதான். லெக் ரைன் நதியின் ஒரு கிளை. படகு அக்கரை சேரச் சில நிமிடம் போதும். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் எல்லாம் மாறிவிடும். அதுவரை பக்கவாட்டில் வந்துகொண்டிருந்த காற்று, மேற்கே திரும்பியதும் மூஞ்சிக்கு நேராக வரும்.

மலை இல்லாத ஊர் என்று சிரிக்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இந்த இருபது கிலோமீட்டரைத்தான். தென்மேற்குக் காற்று இங்கே பெரும்பாலான நாட்களின் காற்று. சமதரையில் சைக்கிள்காரனின் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றுத்தடைதான் தின்கிறது. எதிர்வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மலை என்றால் ஓர் உச்சி இருக்கும், பிறகு இறக்கம் இருக்கும். எதிர்காற்றுக்கு உச்சியே கிடையாது. கரை வளைகிற வரைக்கும் அது அப்படியே நிற்கும். மரமோ வீடோ மறைத்தால் பத்து விநாடி மூச்சுவிடலாம். அது முடிகிற இடத்தில் ஒரு அறை விழும்.

இதைப் போட்டியாகவே நடத்துகிற ஆட்கள் இவர்கள். 2013-லிருந்து எதிர்காற்றுச் சைக்கிள் சாம்பியன்ஷிப் என்று ஒன்று நடக்கிறது. தெற்கே ஸீலாந்தில், கடலை மறித்து நிற்கும் ஊஸ்டர்ஸ்கெல்ட அணைமேல் 8.5 கிலோமீட்டர். கியர் இல்லாத, காய்கறி வாங்கப் போகிற சைக்கிள்தான் எல்லோருக்கும். காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 7-ஐத் தொட்டால்தான் போட்டி. சில நாள் முன்னால்தான் அறிவிப்பார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நாம் மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். இவர்கள் பேர் கொடுக்க ஓடுகிறார்கள்.

கூட்டமாகப் போனால் விசிறி மாதிரி சாய்வாக அணிவகுத்து, ஒருவர் முதுகில் ஒருவர் காற்றுக்கு ஒளிந்துகொள்ளலாம். ஒரு குழுவோடு கொஞ்ச காலம் போய்ப் பார்த்தேன். முன்னால் போகிறவர் 'தேஹன்!' என்று கத்தினால் எதிரே ஆள். 'பால்ச்ச!' என்றால் பாதை நடுவே கம்பம். கார் நுழையாமல் இருக்கத்தான் சைக்கிள் பாதையின் வாயில் சிவப்பு வெள்ளைக் கம்பத்தை நடுகிறார்கள். பின்னால் வருகிறவர் கண்ணுக்குக் கடைசி நொடி வரைக்கும் அது தெரியாது. இந்த நாட்டில் சைக்கிள் விபத்துகளுக்கு இந்தக் கம்பமும் பேர்போன ஒரு காரணம். தேவையில்லாத கம்பங்களை இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தின் வேகம் ஒத்துவரவில்லை. முன்னால் போகிறவர் பின்பக்கத்தையே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு போவதற்கு, வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

தனியாகப் போகிறவனுக்கு வழி காட்டுவது எண்கள். கிளைச்சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. பெல்ஜியத்தில், லிம்பர்க் பகுதியில் ஹுயூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் உருவாக்கிய ஏற்பாடு, 1995-ல் தொடங்கியது. அப்புறம் நெதர்லாந்தும் எடுத்துக்கொண்டது. கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் எண்களை வரிசையாக எழுதி சைக்கிளின் பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், ஊர்ப்பெயரை உச்சரிக்கும் தண்டனை இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். லெக் கரைமேல் சாலை காரே இல்லாத சாலை கிடையாது. வெயில் அடிக்கிற ஞாயிறு மதியம் போனால் மோட்டார் சைக்கிள் கூட்டம் காதைக் கிழிக்கும். எனக்குச் சனிக்கிழமை காலைதான் ஒத்துவரும். அப்படியும் வண்டிகள் தெரிந்தால், ஹ்ரோட் அம்மர்ஸைத் தாண்டியதும் கரையை விட்டு இறங்கி, போல்டருக்குள், அதாவது கரை கட்டித் தண்ணீரை இறைத்த தாழ்நிலத்துக்குள், கரைக்கு இணையாகப் போகும் பழைய பாதையைப் பிடித்துக்கொள்வேன். டீன்ட்வெக் என்பார்கள். ஒரு சைக்கிளுக்கு எதிரே இன்னொரு சைக்கிள் வந்தால் இருவரும் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய அகலம். இரண்டு பக்கமும் தண்ணீர்.

ஹ்ரோட் அம்மர்ஸில் ஒரு நிமிடம் நின்று மேலே பார்ப்பது வழக்கம். நாரைகள். அறுபதுகளின் முடிவில் இந்த நாட்டில் வெண்நாரை கூடு கட்டுவதே அநேகமாக நின்றுபோயிருந்தது. 1969-ல் இந்த ஊரில் ஒரு நாரைக் கிராமம் அமைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். இன்றைக்குப் புல்வெளியில் அவை டிராக்டருக்குப் பின்னால் நம் ஊர்க் கொக்கு மாதிரி நடக்கின்றன.

சரி, வாய்க்கால்.

ஒரு பண்ணைக் கொட்டகையின் மறைவு முடிகிற இடம். அங்கே காற்று அறையும் என்று தெரியும்; தெரிந்தும் ஒரு கையை எடுத்து எதிரே வந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லப் போனேன். பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணி. ஒதுங்கினேன், பச்சை விலகியது, கறுப்பாக ஒரு குளிர் இடுப்பு வரைக்கும் ஏறியது. தண்ணீர் கொஞ்சம்தான், சேறுதான் அதிகம். எங்கள் ஊர் நாற்றங்காலில் கால் பதிந்த மாதிரியே இருந்தது. அந்த அம்மா இறங்கி வந்து சைக்கிளைப் பிடித்து இழுத்தார். கொட்டகையிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாக வந்தார். அவசரமே இல்லை.

"காயம் இல்லையே?"

"இல்லை. புல் என்று நினைத்துவிட்டேன்."

"ம். கன்றுக்குட்டிகளும் முதல் வருடம் அப்படித்தான் நினைக்கும்."

மாட்டுக்கொட்டகைக் குழாயில் என்னையும் சைக்கிளையும் கழுவிவிட்டார். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். கௌடா என்றேன். "அதற்கு முன்னால்?" காவிரி டெல்டா, நெல் விளையும் சமதரை, அங்கேயும் இதே மாதிரி வாய்க்கால் என்று விளக்கினேன். தண்ணீர் மட்டத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. தாத்தா காலத்தில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இராத்திரியில் மடை பார்க்கப் போனதைச் சொன்னேன். பக்கத்து வயல்காரரோடு அதற்காகச் சண்டை வருமா என்றார். வரும் என்றேன். முதல்முறையாகச் சிரித்தார். வடிகால் மட்டம் இரண்டு விரற்கடை ஏறலாமா கூடாதா என்பதில், மாடு வளர்க்கும் அவருக்கும் பறவைக்காகப் பேசுகிறவர்களுக்கும் எப்போதும் ஒத்துப்போகாதாம். மட்டம் ஏறினால் கரிப்புல்மண் மக்குவது குறையும், பறவைக்கும் நல்லது. ஆனால் டிராக்டர் புதையும்.

மட்டத்தை முடிவுசெய்வது நீர் வாரியம். நாடு முழுக்க 21 வாரியங்கள். எங்கள் பக்கத்து ரைன்லாந்து வாரியத்தின் பெயர் 1255-லேயே ஆவணத்தில் இருக்கிறது. இந்த நாடே உருவாகும் முன்னால் வந்தது. அதற்கென்று தனி வரி, தனித் தேர்தல். குடியுரிமை வேண்டியதில்லை, முறையான வசிப்பனுமதி இருந்தால் வாக்களிக்கலாம். 2023 மார்ச்சில் இந்த நாட்டில் நான் போட்ட முதல் ஓட்டு அதுதான்.

சொட்டச் சொட்டக் கிண்டர்டைக் போய்ச் சேர்ந்தேன். 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1738-லும் 1740-லும் கட்டியவை, 1997-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில். படம் எடுக்கும் கூட்டம் தாங்காது, அதனால் நான் அதிகம் நிற்பதில்லை. ஆனால் இவை அலங்காரத்துக்கு நின்றவை கிடையாது. போல்டரின் தண்ணீரைத் தாழ்ந்த தேக்கத்தில் சேர்த்து, அதிலிருந்து இந்த ஆலைகள் மேல் தேக்கத்துக்கு ஏற்றும். லெக் ஆற்றில் மட்டம் இறங்கும்போது மதகைத் திறந்து விடுவார்கள். ஏற்றம் இறைக்கிற மாதிரிதான், ஆளுக்குப் பதில் காற்று. இப்போது அந்த வேலையைப் பக்கத்தில் இருக்கும் பெரிய திருகுப் பம்புகள் செய்கின்றன. ஈரச் சட்டையோடு அந்த இடத்தில் நின்றபோது, என்னைத் தள்ளிவிட்ட காற்றும் இந்தத் தண்ணீரை ஏற்றிய காற்றும் ஒன்றுதானே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. காவலாளி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

கிரிம்பனுக்குப் படகு, அங்கிருந்து ஐசல் ஆற்றின் பாலம். பாலத்தை ஒட்டி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொங்கும் இரும்புக் கதவுதான், கடல் வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட டெல்டா திட்டத்தில் முதலில் முடிந்தது, 1958-ல். அது ஏன் இங்கே முதலில் வந்தது என்பது இன்னும் கொஞ்ச தூரத்தில் தெரியும். இப்போது காற்று முதுகில். பெடல் தானாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும். நியூவர்கெர்க் கரையில் அப்படிப் பறந்துகொண்டே அந்த நினைவுச்சின்னத்தைப் பலமுறை தாண்டியிருக்கிறேன், கவனிக்காமலேயே. 1953 பிப்ரவரி 1 விடியற்காலை, புயலும் கடல் ஏற்றமும் சேர்ந்து தென்மேற்கே கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்த அந்த இரவில், இங்கேயும் கரை உடைந்தது. உள்ளே பல லட்சம் பேர் வாழும் தாழ்நிலம். ஆரி எவஃக்ரூன் என்ற படகுக்காரர் தன் சரக்குப் படகை நேராக உடைப்புக்குள் செலுத்தி, கதவு சாத்துவதுபோல அடைத்தார். அந்தச் சிலையின் பெயருக்கு 'விளிம்பில் நிற்கும் காசு' என்று பொருள். மயிரிழை என்போமே, அதைத்தான் இவர்கள் அப்படிச் சொல்வார்கள். கரைக்கு உள்ளே, கொஞ்ச தூரத்தில், நாட்டிலேயே தாழ்ந்த இடம்: கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே. அங்கும் ஒரு அடையாளம் வைத்திருக்கிறார்கள், நெடுஞ்சாலை ஓரத்தில். இத்தனை அமைதியான பாதைகள் இருக்கிற ஊரில் அந்த ஒரு இடத்தில்தான் கார்ச் சத்தம் ஓயாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் வாசலிலேயே மறித்தாள்.

"அப்பா, சட்டையோடவா விழுந்தீங்க?"

"பின்னே?"

"நாங்க சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் போட்டுத்தான் நீந்திக் காட்டணும். அப்போதான் ஏ டிப்ளமா கொடுப்பாங்க. நீங்க எடுக்கலயா?"

இங்கே அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நீச்சல் கற்கிறார்கள். ஏழு வயதில் அவள் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியது நான்தான். உடையோடு ஏன் நீந்தச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பின்சக்கரத்தில் இரண்டு கம்பி வளைந்திருந்தது, மாற்றியாயிற்று. இந்தச் சனிக்கிழமை காற்று வடகிழக்கிலிருந்து என்கிறது செயலி. அப்படியானால் வட்டத்தை எப்போதும்போலச் சுற்றினால் லெக் கரையில் காற்று முதுகில், வீடு திரும்பும்போதுதான் மூஞ்சியில். களைத்த காலோடு அது ஆகாது. ஸ்கோன்ஹோஃபனை விட்டுவிட்டு, வடக்கே ரேவ்வைக் ஏரிகள் பக்கம் போகலாம் என்று யோசிக்கிறேன். அங்கே ஏரிக்கு நடுவேயே ஒடுக்கமான பாதைகள். இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.